காடியே இல்லாத ரோட்டுல ஆத்தோரமா: இத்தாலி ஆடிஜே சைக்கிள் பாதை, ஒரு கோலாலம்பூர் (கேஎல்) ஆளோட ரிவியூ

மொதல்லயே மார்க் போட்டுடறேன், பத்துக்கு எட்டரை. ஒன்றரை எங்க போச்சுன்னு படிக்க படிக்க தெரியும். வடக்கு இத்தாலில ஆடிஜேன்னு ஒரு ஆறு ஓடுது, அந்த நாட்டுலயே ரெண்டாவது நீளமான ஆறு, சுமார் 410 கிலோமீட்டர், ஆஸ்திரியா எல்லைகிட்ட மலைல பொறந்து வெனிஸுக்கு தெக்கால போய் கடல்ல விழுது. அந்த ஆத்தங்கரைய புடிச்சிக்கிட்டே தார் போட்ட சைக்கிள் பாதை ஒண்ணு இருக்கு, காடி (காரு, லோரி) ஏற முடியாது, மோட்டர்சைக்கிள் ஏற முடியாது. அதுல நாங்க ஓட்டுனது போல்சானோ, ட்ரெண்டோ, ரொவெரேட்டோ, வெரோனா, இந்த நடு துண்டு. போனது நான், வைஃப், வைஃபோட தம்பி. மச்சானுக்கு கேஎல் பக்கத்துல ஊலு லங்காட்ல மலை ஏறி ஏறி காலு இரும்பா இருக்கு, எனக்கு சுமார், வைஃப் சைக்கிள் ஓட்டுனது கடைசியா ஸ்கூல் படிக்கும்போது. மூணு பேருக்கும் ஒரே ரோடு ஒத்து வந்துச்சு, அதுதான் இந்த பாதையோட பெரிய பிளஸ்ஸே.

கேஎல்ல சைக்கிள் ஓட்டற நம்மாளுங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு உடனே புரியும். ஞாயித்துக்கிழமை காலைல 7 மணில இருந்து 9 மணி வரைக்கும் டவுன்ல கார் ஃப்ரீ மார்னிங், அது நல்லாத்தான் இருக்கு ஆனா மணி அடிச்சா காடிங்க திரும்ப வந்துடும். மிட் வேலில இருந்து டத்தாரான் மெர்டேக்கா வரைக்கும் 2015ல ஒரு பாதை போட்டாங்க, அஞ்சு கிலோமீட்டர் சொச்சம், உடம்பு சூடு புடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அதெல்லாம் வேணாம்னு குத்ரி ஹைவேல மோட்டர்சைக்கிள் லேன்ல கூட்டமா போனா பின்னால ஒரு மோட்டர் சத்தம் கேட்டாலே தோள் தானா இறுகிக்கும், ஒரு கண்ணு ரோட்டுல ஒரு கண்ணு முதுகுல. ஆடிஜேல மொத மணி நேரம் எனக்கு அந்த பழக்கம் போகவே இல்ல, சும்மா சும்மா திரும்பி பாத்துக்கிட்டே இருந்தேன், மச்சான் பின்னால இருந்து "யாரும் வரல மச்சான், முன்னால பாத்து ஓட்டுங்க"ன்னு கத்தறான்.

மேடு பள்ளம் எப்படின்னு கேப்பீங்க. போல்சானோ கடல் மட்டத்துல இருந்து 262 மீட்டர், ட்ரெண்டோ 194, வெரோனா 59. நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல போய் மொத்தமா இறங்கறதே 200 மீட்டர்தான். ரெண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல செங்குத்தா பாறை மலை நிக்குது, நடுவுல தரை தட்டு மாதிரி மட்டமா கிடக்கு. பனியுகத்துல பனியாறு அறுத்துட்டு போன பள்ளம் அது, அப்பறம் ஆறு மண்ணு கொண்டுவந்து கொட்டி கொட்டி நிரப்பிடுச்சு, அதான் அப்படி ஒரு மட்டம். முன்னாடி இந்த ஆறு வளைஞ்சு வளைஞ்சு ஓடி பள்ளத்தாக்கு பூரா சதுப்பா கிடந்துச்சாம், காய்ச்சல் புடிக்கற இடம். 19ஆம் நூற்றாண்டுல, அப்ப இது ஆஸ்திரியாக்காரன் கைல இருந்த நேரம், ஆத்த நேராக்கி ரெண்டு பக்கமும் கரை கட்டிட்டாங்க. 1859ல வெரோனால இருந்து போல்சானோக்கு ரயிலும் வந்துடுச்சு. அன்னிக்கு வெள்ளத்துக்கு கட்டுன அந்த கரை மேலதான் இன்னிக்கு நாம சைக்கிள் ஓட்டறோம். கரை உசரமா இருக்கறதால ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கீழ தோட்டம், ரெண்டும் தெரியும், ஓட்டிக்கிட்டே வேடிக்கை பாக்கலாம்.

தோட்டம்னா ஆப்பிள். போல்சானோ விட்டு வெளிய வந்ததும் ஆரம்பிக்குது, சலோர்னோ வரைக்கும் ஆப்பிள் ஆப்பிள் ஆப்பிள், அதுக்கு கீழ போக போக திராட்சை கூடுது. மரம்னு சொன்னா நம்ம மனசுல வர்ற மரம் இல்ல, கம்பி கட்டி வரிசையா ஆளு உசரத்துக்கு நிக்கற செடிங்க, கைக்கு எட்டற தூரத்துல பழம் தொங்குது. பறிச்சிடாதீங்க, அது ஒருத்தரோட பொழப்பு. நாங்க போனது செப்டம்பர், அறுவடை நேரம், அதனால பாதைல டிராக்டர் வந்துச்சு, பின்னால பெரிய பெரிய பெட்டி நிறைய ஆப்பிள். காடி வராதுன்னு சொன்னனே, தோட்டக்காரங்க டிராக்டருக்கு மட்டும் சில இடத்துல அனுமதி இருக்கு. மெதுவாத்தான் வராங்க, ஓரமா ஒதுங்கி நின்னா கைய தூக்கி ஒரு சலாம் போட்டுட்டு போறாங்க. பூவ பாக்கணும்னா ஏப்ரல்ல போங்க. ஜூலை ஆகஸ்ட் வேணாம்னு சொல்லுவேன், போல்சானோ மலைக்கு நடுவுல கிண்ணத்துல உக்காந்திருக்கற டவுன், கோடைல இத்தாலிலயே சூடான ஊருங்கள்ல அதுவும் ஒண்ணு. நமக்கு சூடு புதுசு இல்லதான், ஆனா அவ்ளோ காசு போட்டு போய் கேஎல் வெயிலயே திரும்ப வாங்கணுமா?

சைக்கிள் வாடகை. போல்சானோ ரயில் ஸ்டேஷன் பக்கத்துல நிறைய கடை இருக்கு, நாங்க எடுத்த கடை பேரு சொல்லல ஏன்னா ஒரு குறை இருக்கு. சாதா டிரெக்கிங் சைக்கிள் ரெண்டு, வைஃபுக்கு ஈ-பைக் ஒண்ணு. சைக்கிள் எல்லாம் புதுசு, கியர் நல்லா மாறுச்சு, டிஸ்க் பிரேக், பூட்டு, பம்ப், ரிப்பேர் கிட் எல்லாம் வாடகையோட சேத்து குடுத்துட்டாங்க. குறை என்னன்னா பை. பின்னால மாட்டற பை மழைக்கு நனையாதுன்னு சொல்லி குடுத்தாங்க, ட்ரெண்டோக்கு முன்னாடி ஒரு அர மணி நேரம் மழை, என் துணியெல்லாம் பிழிஞ்சு காயப்போடற மாதிரி ஆயிடுச்சு. திருப்பி குடுக்கும்போது சொன்னா அந்த பையன் தோள குலுக்கறான், அவ்ளோதான். அதனால பை எந்த கடைல எடுத்தாலும் உள்ள ஒரு பிளாஸ்டிக் போட்டு கட்டிட்டு துணிய வைங்க. சீட்டு உசரத்த கடை வாசல்லயே ரெண்டு ரவுண்டு ஓட்டி பாத்து சரி பண்ணிக்குங்க, அங்க உள்ளவங்க உசரம் நமக்கு கிடையாது, எங்க மூணு பேரு சீட்டையும் இறக்கித்தான் குடுத்தாங்க.

ஈ-பைக் பத்தி மச்சானுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். இவ்ளோ மட்டமான ரோட்டுக்கு எதுக்கு மோட்டார்னு அவன் கேக்கறான், வாடகையும் சாதா சைக்கிள விட நல்லா கூட வருது, யூரோவ அஞ்சால பெருக்கி பாத்தா வயிறு எரியும். நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா காத்து வந்ததுக்கு அப்பறம் மனச மாத்திக்கிட்டேன். ஐரோப்பால ஈ-பைக்குனா 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா மோட்டார் உதவி நின்னுடும், அதனால யாரும் பறக்கல, வைஃப் எங்க கூடவே வந்தா. காத்துல மட்டும் அவ முன்னால, நாங்க பின்னால.

இந்த காத்துக்குத்தான் ஒரு மார்க் போச்சு. கார்டா ஏரி பக்கத்துல இருந்து மதியம் ஆனா தெக்கத்தி காத்து ஒண்ணு கிளம்பும், ஓரான்னு பேரு, வெயில் அடிக்கற நாள்ல ட்ரெண்டோ தாண்டி மேல போல்சானோ வரைக்கும் பள்ளத்தாக்கோட வீசும். நாம வடக்க இருந்து தெக்க இறங்கறோம், அது தெக்க இருந்து வடக்க ஏறுது, நேரா மூஞ்சில. மறைவுக்கு ஒரு கட்டடம் கிடையாது, கரை மேல வேற போறோம். மட்டமான ரோடு, லேசா இறக்கம் வேற, அப்படியும் மிதிச்சா நகர மாட்டேங்குது. மலை ஏறுனா கூட உச்சின்னு ஒண்ணு வரும், இதுக்கு அதுவும் இல்ல. அதுக்கு தெக்க இருந்து வடக்க ஓட்டலாமேன்னா, ஓட்டலாம், மதியத்துக்கு மேல கிளம்பி காத்த முதுகுல வாங்கிக்கிட்டு போறவங்க நெறைய பேரு இருக்காங்க, ஆனா காலைல அந்த வசதி கிடைக்காது, மட்டம்னாலும் லேசா ஏத்தம். என் யோசனை கேட்டா காலைல 7 மணிக்கே சைக்கிள்ல உக்காந்துடுங்க, மதிய சாப்பாட்டோட அன்னிக்கு ஓட்டறத முடிச்சிடுங்க. போல்சானோல இருந்து ட்ரெண்டோ சுமார் 65 கிலோமீட்டர், காலைல கிளம்புனா காத்து எழும்பறதுக்குள்ள முக்காவாசி முடிஞ்சிடும்.

மீதி அர மார்க் சத்தத்துக்கு. பாதைல காடி இல்ல, வாஸ்தவம். ஆனா பள்ளத்தாக்கு குறுகல், அதே குறுகல் இடத்துலதான் ஆஸ்திரியா எல்லைல இருக்கற பிரென்னர் கணவாய்க்கு போற ஏ22 ஹைவே, பழைய ரோடு, ரயில் எல்லாமே போகணும். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் நடுவுல போற லோரிங்க பூரா அந்த ஹைவேலதான். சில இடத்துல ஹைவே பாதைக்கு பக்கத்துலயே வந்துடுது, அப்ப லோரி சத்தம் விடாம காதுல. பேக்கேஜ் விக்கறவங்க போடற படத்துல அதெல்லாம் தெரியாது, ஆப்பிளும் ஆறும்தான் தெரியும். அமைதியான கிராமத்து ரோடுன்னு கற்பனை பண்ணிக்கிட்டு போனா ஏமாந்துடுவீங்க, பாதுகாப்பான ரோடுன்னு நெனச்சு போங்க.

வழி தவற வாய்ப்பு கம்மி. போல்சானோ பக்கம் போர்டு எல்லாத்துலயும் ஊர் பேரு ரெண்டு மொழில, ஜெர்மன் ஒண்ணு இத்தாலி ஒண்ணு, 1919 வரைக்கும் ஆஸ்திரியாவா இருந்த இடம் இல்லையா, வீடு சர்ச்சு சாப்பாடு எல்லாமே அந்த வாசம்தான். எக்னான்னு ஒரு சின்ன ஊரு வரும், பாதைய விட்டு கொஞ்சம் உள்ள போகணும், போங்க. கடைங்க முன்னால வளைவு வளைவா மூடுன நடைபாதை, நம்ம ஊரு பழைய கடைவீட்டு அஞ்சடி மாதிரியே, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி ஒரு காப்பி குடிச்சிட்டு வந்தோம். சலோர்னோ வந்ததும் ரெண்டு பக்க மலையும் நெருங்கி கழுத்த புடிச்ச மாதிரி பள்ளத்தாக்கு சுருங்குது, அத தாண்டுனா போர்டுல இத்தாலி மொழி மட்டும்தான்.

சாப்பாடு. சைக்கிள்காரங்களுக்குன்னே ட்ரெண்டோ பக்கத்து பாதையோரமா பிசிகிரில்னு கடைங்க போட்டிருக்காங்க, ரொவெரேட்டோக்கு முன்னாடி நோமில இருக்கறது எங்களுக்கு புடிச்சிது, சைக்கிள் நிறுத்த இடம், தண்ணி புடிக்க குழாய், டாய்லெட், உக்கார நிழல், காப்பி, பானினி. குடிக்கற தண்ணி குழாய் வழில ஊர்களுக்குள்ளயும் இருக்கு, பாட்டில் காசு மிச்சம். வைஃப் வெள்ளிக்கிழமை சைவம், அவளுக்கு கீரை போட்ட உருண்டை ஒண்ணு கிடைச்சிது, பழைய ரொட்டில செய்யறது, மேல வெண்ணெயும் சீஸும், நல்லாவே இருந்துச்சு. ஆனா கேட்டு வாங்குங்க, அதே உருண்டைலயே ஸ்பெக்குன்னு பன்றி இறைச்சி போட்டும் செய்யறாங்க, பாத்தா வித்தியாசம் தெரியாது. ட்ரெண்டோல பொலெந்தான்னு சோளமாவு கிண்டி குடுத்தான், மச்சான் பையில இருந்து அம்மா செஞ்ச ஊறுகா பாட்டில எடுத்தான் பாருங்க, பக்கத்து டேபிள்காரர் ஒருத்தர் என்னதுன்னு கேட்டு ஒரு துளி நாக்குல வச்சிட்டு ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சாரு. இன்னொண்ணு, மதியம் ரெண்டரைக்கு மேல சாப்பாட்டு கடை நிறைய மூடிடும், ராத்திரி ஏழுக்குத்தான் திரும்ப திறக்கும், நம்ம மாமாக் கடை மாதிரி நெனச்ச நேரத்துக்கு போய் உக்கார முடியாது. காத்தும் சாப்பாடும் ஒரே நேரத்துல கைவிட்டா மனுஷன் என்ன ஆவான்.

ட்ரெண்டோல ஒரு ராத்திரி தங்குங்க. 2013ல திறந்த மியூஸ்னு ஒரு அறிவியல் மியூசியம் இருக்கு, இத்தாலி கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ டிசைன் பண்ணது, புள்ளைங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு அது ஒரு பாதி நாள் ஓடிடும். அங்க இருந்து ரொவெரேட்டோ சுமார் 25 கிலோமீட்டர்தான், எங்களுக்கு மொத்த பாதைலயும் ரொம்ப புடிச்ச துண்டு அது, திராட்சை தோட்டம், தலைக்கு மேல பெசேனோ கோட்டை, ரோடு கண்ணாடி. ரொவெரேட்டோல மலை மேல ஒரு பெரிய மணி, மொத உலகப்போர்ல சண்ட போட்ட நாடுகளோட பீரங்கிய உருக்கி செஞ்சது, தினம் சாயங்காலம் நூறு தடவ அடிக்கறாங்க. கால் வலில நாங்க மேல ஏறல, கீழ இருந்தே கேட்டோம்.

ரொவெரேட்டோல இருந்து ரெண்டு வழி பிரியுது. கார்டா ஏரிக்கு போறவங்க மோரி வழியா மேக்கால திரும்பணும், அதுவும் தனி சைக்கிள் பாதைதான், நடுவுல லொப்பியோன்னு ஒரு ஏரி வரும், ஏரின்னு பேருதான், தண்ணி கிடையாது, நாணலும் சதுப்பும். ஏன்னு கேட்டா அதுக்கு அடில ஒரு சுரங்கம் வெட்டியிருக்காங்க, ஆடிஜேல வெள்ளம் வந்தா தண்ணிய திருப்பி கார்டா ஏரிக்குள்ள விடறதுக்கு, 1939ல ஆரம்பிச்சு போர்னால நின்னு 1959லதான் முடிஞ்சிது. வெட்டும்போது ஏரித்தண்ணி வடிஞ்சே போச்சு. நீளம் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். நம்ம கேஎல் ஸ்மார்ட் டனல் 9.7 கிலோமீட்டர், 2007ல திறந்தது, வேலையும் இதே வேலைதான், மழை வெள்ளத்த டவுனுக்குள்ள வராம திருப்பி விடறது, நம்ம ஆளுங்க அதுக்குள்ள காடியும் ஓட்டறாங்க. மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் தண்ணி ஏறுன காலத்த பாத்த எனக்கு அந்த காஞ்ச ஏரிய தாண்டி போக மனசே வரல, வைஃப் ரெண்டு தடவ கூப்பிட்டா. சுரங்கம் இருந்தும் 1966 நவம்பர்ல ட்ரெண்டோ டவுனே முங்கிடுச்சு, ஏன்னா சுரங்கத்தோட வாய் டவுனுக்கு கீழ இருக்கு, மேல வந்த வெள்ளத்துக்கு அது என்ன பண்ணும். அந்த பக்கம் போனா நாகோல இருந்து தோர்போலே இறங்கற இடம் மட்டும் செங்குத்து, பிரேக் புடிச்சிக்கிட்டே இறங்கணும், சின்ன புள்ளைங்கள வச்சிருந்தா இறங்கி தள்ளிட்டு போங்க.

நேரா தெக்க போனா வெரோனா. இந்த துண்டுக்கு நான் அவ்ளோ உற்சாகம் காட்ட மாட்டேன். ட்ரெண்டோ மாநில எல்லை தாண்டுனதும் போர்டு கம்மியாகுது, சில இடத்துல காடி போற ரோட்டுல கொஞ்ச தூரம் சேந்து போகணும், வலது பக்கம் ஓட்டணும்ங்கறது அங்கதான் மண்டைல உறைக்கும், நமக்கு கை தானா இடது பக்கம் இழுக்குது. ரிவோலி கிட்ட ஒரு சின்ன ஏத்தமும் உண்டு, 1797ல நெப்போலியன் ஆஸ்திரியாக்காரன ஜெயிச்ச இடம், மச்சானுக்கு ஏத்தத்த பாத்ததும் மூஞ்சி மலந்துடுச்சு. அத முடிச்சா பிஃபிஸ் கால்வாய் வரும், கால்வாயோரமா நேர் கோடா போய் வெரோனா பக்கம் சேக்குது. அழகுதான், ஆனா நேர்கோடு ரொம்ப நேரம் போனா எனக்கு தூக்கம் வருது. காலு போதும்னு சொல்லுச்சுன்னா ரொவெரேட்டோலயே ரயில் ஏறிடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது.

அந்த ரயில்தான் இந்த பாதைக்கு உயிர். பள்ளத்தாக்கு பூரா பாதைக்கு பக்கத்துலயே லைன் போகுது, ஊருக்கு ஊரு ஸ்டேஷன், உள்ளூர் ரயில்ல சைக்கிளோட ஏறலாம், சைக்கிளுக்கு தனி டிக்கெட். மழையா, காத்தா, புள்ள அழுவுதா, வைஃப் கோவிச்சிக்கிட்டாளா, அடுத்த ஸ்டேஷன்ல ஏறிட வேண்டியதுதான். காகித டிக்கெட்டா இருந்தா ஏறறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்கற மெஷின்ல குத்திக்குங்க, குத்தாம ஏறுனா ஃபைன். பேக்கேஜ் எடுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, ஹோட்டலும் பெட்டி தூக்கற ஆளும் சேத்து அவங்க சொல்ற காசு எனக்கு அதிகமா பட்டுச்சு. சைக்கிள நேரா கடைல எடுத்து, ரூம நாமளே ஆன்லைன்ல போட்டு, பெட்டிய போல்சானோ ஹோட்டல்லயே விட்டுட்டு சின்ன பையோட கிளம்பிட்டு, கடைசி நாள் ரயில்ல திரும்பி வந்து எல்லாத்தையும் எடுத்துக்கிட்டோம், சைக்கிள எடுத்த கடைலயே விட்டதால வேற ஊர்ல விடற சார்ஜும் இல்ல. மலேசியா பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசாவும் வேணாம். வெரோனால இருந்து திரும்பும்போது மட்டும் சனி ஞாயிறு சாயங்காலத்த தவிர்த்துடுங்க, சைக்கிள் வைக்கற பெட்டில இடம் கொஞ்சம்தான், நிறைஞ்சிட்டா ரயில் கார்டு ஏத்த மாட்டாரு, அடுத்த ரயிலுக்கு நிக்க வேண்டியதுதான்.